யாரும் அமுக்காத மணி

விராலிமலையில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டின் அழைப்பு மணியை அதிகம் அமுக்கியவர் அவரேதான். ஞாயிற்றுக்கிழமை கேஸ் சிலிண்டர் வர வேண்டியிருந்தால் காலையில் வாசலுக்கு வந்து ஒரு தடவை அமுக்குவார். உள்ளே மணி அடிப்பது காதில் விழுந்ததும் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வார். பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் கேட்டே விட்டார்.

“ஒங்க வீட்டுக்கு நீங்களே எதுக்கு பெல் அடிக்கிறீங்க?”

“அடிக்குதான்னு பாக்கத்தான். கெட்டுப்போன மணிய வெச்சுக்கிட்டு, சத்தம் வரல, அதனால ஆள் வரலன்னு நான் எப்படி நெனைக்கிறது?”

“வந்தவன் வாய் விட்டுக் கூப்புடமாட்டானா?”

“போன தடவ கூப்புடலயே. ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான்.”

அப்போது நான் அந்த வீட்டின் மாடியில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பொன்னமராவதிப் பக்கம் சொந்த ஊர். நுண்ணுயிரியல் முதுகலை முடித்துவிட்டு முதல் வேலை. அவரும் நானும் ஒரே ஆய்வகம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் கம்பெனி ரோட்டில் கடைசிக் கட்டடம். வேதிப்பொருட்கள் மரபணுவைக் கெடுக்குமா என்று சோதித்து அறிக்கை கொடுப்பது அங்கே தொழில். சோதனையைக் கையால் செய்கிறவள் நான். அவர் ஸ்டடி டைரக்டர். ஒரு சோதனையின் தொடக்கத்திலிருந்து அறிக்கையின் கடைசி வரி வரைக்கும் அவர் பொறுப்பு. அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. வேலையிடத்தில் மேடம், மாடிப்படியில் அக்கா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம். நான் கேட்டதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. தேடவும் இல்லை.

எங்கள் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட ஒரு சத்து இல்லாமல் வளர முடியாத பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத தட்டில் ஊற்றுகிறோம். கூடவே சோதிக்க வேண்டிய பொருளையும். பொருள் மரபணுவை மாற்றினால் சில பாக்டீரியாக்களுக்கு வளரும் திறன் திரும்ப வரும். தட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து எண்ணுவோம். புள்ளி கூடவில்லை என்றால் நெகட்டிவ். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. மரபணுவைக் கெடுக்கும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு நஞ்சையும் ஒவ்வொரு தடவையும் தனித் தட்டில் போடுவோம். பாசிட்டிவ் கண்ட்ரோல் என்று பெயர். அந்தத் தட்டு புள்ளிகளால் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் மற்ற தட்டுகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எல்லாமே குப்பைக்குத்தான். ‘ஆமாம்’ சொல்லத் தெரியாத சோதனை சொல்லும் ‘இல்லை’யை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற விதி. நாங்களெல்லாம் சாயங்காலம் வெள்ளைக் கோட்டோடு சேர்த்து அதையும் கழற்றி மாட்டிவிட்டுப் போவோம். அவர் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார். கடைசியில் அவருடைய கையெழுத்து உரிமை போனதும் அதனால்தான்.

கேண்டீனில் ஒரு நாள் சாம்பாருக்குத் தட்டை நீட்டியபடி, பரிமாறுகிற கேண்டீன் அக்காவிடம் கேட்டார்.

“காரம் இருக்காக்கா?”

“இல்லம்மா.”

“நேத்து?”

“நேத்தும் இல்ல.”

“என்னைக்காச்சும் காரம் சாஸ்தியாப் போச்சுன்னு ஒங்களுக்குத் தோணியிருக்கா?”

“எனக்கு ஒருநாளும் தோணுனதில்ல.”

“அப்ப ஒங்க நாக்கக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.”

கேண்டீன் அக்கா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். “ஒங்களக் கட்டுன மனுசன் எதுக்குக் குவைத்துல போயி உக்காந்திருக்காருன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

வரிசையே சிரித்தது. அதிக நேரம் சிரித்தவர் அவர்தான்.

கணவர் அறந்தாங்கிக்காரர், குவைத்தில் ஏதோ கட்டட வேலையில் மேற்பார்வை. தினமும் வீடியோவில் பேசுவார்கள். ஆனால் நல்லா இருக்கீங்களா என்று அக்கா கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை காரணம் சொன்னார். “எப்பக் கேட்டாலும் நல்லாருக்கேம்பாரு. காய்ச்சல்ல கெடந்தப்பயும் அதத்தான் சொன்னாரு. அதனால கேக்குறத விட்டுட்டேன். சாப்பாட்டுத் தட்டக் காட்டச் சொல்றேன்.” அந்தப் பக்கம் அவர் தட்டைக் கேமரா முன்னால் சாய்த்துக் காட்டுவார். சோறு கொட்டிவிடும் போலிருக்கும். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ம், இன்னைக்குப் பரவால்ல” என்பார்.

எனக்கு வரன் கொண்டுவந்த தரகரையும் அவர் விடவில்லை. அப்பா தரகரோடு ஒரு ஞாயிறு மாடிக்கு வந்திருந்தார். அக்கா காபி கொண்டுவந்தார்.

“பையன் தங்கம்ங்க. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது,” என்றார் தரகர்.

“இதுவரைக்கும் எத்தனையோ பையனப் பாத்திருப்பீங்க. எவனையாச்சும் இவன் வேண்டாம்னு பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கீங்களா?”

தரகர் பெருமையாக நிமிர்ந்தார். “நான் கொண்டுவந்த பையன் எவனையும் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததில்லைங்க.”

“அப்ப நீங்க இவர நல்லவர்னு சொல்றத வெச்சுக்கிட்டு இவங்கப்பா என்ன செய்வாரு?”

அப்பா காபியைக் குடித்து முடிக்காமல் எழுந்தார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நன்றியும் இல்லை. மாடிப்படியில் பார்த்தபோது, “கோவமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “நீ கோவப்பட்டா எப்படி இருப்பேன்னு இதுவரைக்கும் தெரியலயே,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் பொருள் வந்தது ஒரு மழைக்காலத்தில். கரிம உலோகச் சேர்மம் என்று பாடத்தில் படித்தது: அலுமினிய அணுவோடு கரிமத் துண்டுகள் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் தயாரிப்பில் வினையை முடுக்கிவிடப் பயன்படுவது. பார்க்கத் தண்ணீர் மாதிரி. காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். இதைத் தயாரிக்கும் ஆலையில் சிலிண்டரில் நிரப்பும் வேலை செய்கிற ஒருவரே மாதிரிச் சிலிண்டரை வண்டியில் கொண்டுவந்தார். முப்பது வயது இருக்கும். இடது முன்கையில் தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது.

“என்ன தம்பி கையில?” என்று அக்கா கேட்டார்.

“இதுதான் மேடம். ஒரு தடவ லேசா விசாரிச்சுட்டுப் போச்சு.” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “என் பொண்டாட்டி முழுகாம இருக்கா மேடம். நான் இந்த வேலையில நிக்கிறதால புள்ளைக்கு ஏதும் வருமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க பாக்கப்போறது அதத்தானாமே?”

“அதுல ஒரு பகுதி.”

“ரிப்போர்ட் எப்ப வரும்?”

“மொதல்ல இதப் பாக்க முடியுமான்னு பாப்போம் தம்பி.”

முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. பொருட்களைக் கரைக்க நாங்கள் வைத்திருந்தவை தண்ணீர், டி.எம்.எஸ்.ஓ., எத்தனால், அசிட்டோன். எதோடும் அது சும்மா இருக்காது. ஈரம் நீக்கிய ஹெக்ஸேனில் மட்டும் அடங்கிக் கிடந்தது. ஆனால் ஹெக்ஸேனிலிருந்து அது போக வேண்டிய இடம் எங்கள் தட்டு. தட்டில் இருப்பது அகார் என்ற கடற்பாசிக் கூழ். அகாரில் பெரும்பங்கு தண்ணீர். பாக்டீரியாவும் தண்ணீரில்தான் உயிரோடு இருக்கும்.

நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுப் பொருளை ஹெக்ஸேனில் மிகக் குறைவாகக் கலந்தேன். அந்தக் கலவையில் ஒரு துளியை வெதுவெதுப்பான அகார் இருந்த குழாயில் விட்டதும் உஸ்ஸென்று குமிழிகள் வந்தன. பிறகு அடங்கியது. சுண்ணாம்பைத் தூவியது போல் வெள்ளைப் பொடி மிதந்தது. பாக்டீரியாவைச் சேர்த்துத் தட்டில் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து எண்ணியபோது, பொருள் போடாத தட்டில் எத்தனை புள்ளியோ ஏறக்குறைய அத்தனைதான் பொருள் போட்ட தட்டிலும். பாசிட்டிவ் கண்ட்ரோல் தட்டு ரவையைக் கொட்டியது போல் நிரம்பியிருந்தது. வேலை முடிந்தது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அக்கா தட்டைப் பார்க்கவில்லை. கழுவாமல் வைத்திருந்த குழாயை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“பொடி மேடம்.”

“பொருள் எங்க?”

நான் குழாயை வாங்கி அசைத்துப் பார்த்தேன்.

அதற்குள் மேனேஜர் வந்தார். அந்த ஆய்வகத்தை ஒரு மேசையிலிருந்து வளர்த்தவர். கெட்டவர் இல்லை.

“கங்கிராட்ஸ் மேடம். நெகட்டிவ்வாமே.”

“எது சார் நெகட்டிவ்?”

“ஆரம்பிச்சுட்டீங்களா. பாசிட்டிவ் கண்ட்ரோல் வந்துருச்சுல்ல? இத்தன வருசம் அதுக்குத்தான எங்க உயிர வாங்குனீங்க? ஜம்முன்னு வந்துருச்சு.”

“வந்துருச்சு சார். மணி நல்லா வேலை செய்யுது. ஆனா இந்தத் தடவ மணிய யாருமே அமுக்கல.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அகார்ல விழுந்ததுமே பொருள் செத்துப்போச்சு சார். பாக்டீரியாகிட்டப் போயிச் சேந்தது பொடி. நாம சோதிச்சது பொடிய.”

“பொடின்னே வெச்சுக்குவோம். மனுசன் ஒடம்புலயும் தண்ணிதான இருக்கு? அங்கயும் பொடியாத்தான போகும்? அப்ப நெகட்டிவ்தான?”

“இருக்கலாம். அதையே எழுதுவோம். இந்தப் பொருள் தண்ணியில நிக்காது, இந்தச் சோதனையில இதப் பாக்க முடியாது, மிஞ்சுறது இன்ன பொடி, இன்ன வாயு, அதுகளப் பத்தி வெளியில ஏற்கெனவே தெரிஞ்சது இதுன்னு எழுதுவோம். அப்படி எழுதறதுக்கு விதியில எடம் இருக்கு.”

“கிளையண்ட் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டிருக்கான் மேடம். கட்டுரை கேக்கல. சரி, புள்ளி கூடலங்கறது பொய்யா?”

“பொய் இல்ல.”

“அப்பறம் என்ன?”

“மேல போட்டிருக்கிற பேருதான் தப்பு சார். அந்தப் பேருல இருக்கிற பொருள நாம பாக்கவே இல்ல.”

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இந்த கிளையண்ட் போனா இந்த வரிசையில பாதி மேசை சும்மா கெடக்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா போடுற ஆள நான் ஒங்க நாற்காலியில உக்கார வெக்கணும். எனக்கும் வேற வழியில்ல.”

அன்று சாயங்காலம் அக்கா கணவரிடம் சொல்வதைக் கேட்டேன். வாசல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“போட்டுட்டு வா. என்ன கெட்டுப்போச்சு?” என்றது போன்.

“நீங்க போடத்தான் சொல்லுவீங்க. எதுக்காச்சும் போடாதேன்னு சொல்லியிருக்கீங்களா இதுவரைக்கும்?”

போனில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “தட்டக் காட்டவா?” என்றார் அவர்.

மிச்சச் சிலிண்டரை எடுத்துப்போக அந்த ஆலைக்காரர் வெள்ளிக்கிழமையே வந்தார். நேராக அக்காவிடம் வந்தார்.

“ஒண்ணுமில்லன்னு மேனேஜர் சார் சொன்னாரு மேடம். கையெழுத்து நீங்கதானாம். நீங்க ஒரு வார்த்த இல்லன்னு சொன்னா வீட்டுல போய்ச் சொல்லிருவேன்.”

“இல்லன்னு சொல்ல நான் பாத்திருக்கணும் தம்பி. பாக்க முடியல.”

“எங்க சேஃப்டி ஆபீஸர் இல்லன்னுட்டாரே?”

“அவர் எப்பவாச்சும், எதுக்காச்சும், இருக்குன்னு சொல்லியிருக்காரா?”

அவர் சிரித்துவிட்டார். “அந்த வார்த்த அவர் வாயில வராது மேடம்.” சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா அவரை உட்காரவைத்து விளக்கினார். காற்றிலும் ஈரத்திலும் அது உடனே மாறிவிடும், உடம்புக்குள் அது அதுவாகவே போகாது, போகக்கூடியது பொடியும் புகையும்தான். பொடியைப் பற்றி வெளியில் பார்த்திருக்கிறார்கள். தான் படித்தவரையில் பயப்படும்படி இல்லை. “ஆனா நான் பாத்தது இல்ல. அதனால, பொடி ஒட்டுன வேலைத்துணிய வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. ஆலையிலயே அலசிப் போட்டுட்டு, குளிச்சுட்டுப் போங்க. இது ஒங்க கையில இருக்கு.”

அவர் தலையாட்டினார். சிலிண்டரை வண்டியில் ஏற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “ஒரு வார்த்த. சொல்லியிருக்கலாம்ல மேடம்?”

நான் வண்டிக்கான நுழைவுச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா அறிக்கையை மேனேஜர் மேசையில் வைத்தார். இந்தப் பொருளை இந்தச் சோதனையில் பார்க்க முடியாது என்று முடிவு எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். திங்கட்கிழமை நடந்தவை: அவர் அறைக் கதவிலிருந்து பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள், திருச்சியிலிருந்து வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்தார், பழைய தட்டுகளின் எண்ணிக்கையை வைத்துப் புது அறிக்கை தயாரானது, அதில் நெகட்டிவ் என்று இருந்தது, அக்கா மீடியா அறைக்குப் போனார். அகார் காய்ச்சித் தட்டில் ஊற்றும் அறை அது. ஆய்வகத்தின் அடுப்படி என்று கேலியாகச் சொல்வோம்.

அவருடைய பொருட்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

“வருத்தமா இருக்காக்கா?”

“இல்ல.”

அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அந்த ‘இல்ல’யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. மேசைகள் எதுவும் காலியாகவில்லை. அடுத்த சோதனை வந்தது. என் வேலை நிரந்தரமானது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் அந்த ஆலைக்காரர் வேறொரு சிலிண்டரோடு வந்தார். கையில் லட்டுப் பெட்டி. வரவேற்பு மேசையில் அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா வெளியே வந்தார்.

“பொண்ணு மேடம்! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

“அப்பா ஆயிட்டீங்களா! எடை எவ்வளவு? பால் நல்லாக் குடிக்கிறாளா?” அக்காவின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“குடிக்கிறா, கத்துறா, எல்லாம் பண்றா.” எங்கள் இருவர் கையிலும் லட்டைத் திணித்தார். “ஒங்க ரிப்போர்ட் வந்துச்சு மேடம். ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஒரு போட்டோ எடுத்து அவகிட்டக் காமிச்சேன். நெகட்டிவ்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனா. ரொம்ப நன்றிங்க மேடம்.”

அக்கா லட்டை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். “வேலைத்துணி ஆலையிலயே அலசுறீங்களா தம்பி?”

“அப்ப அலசுனேன் மேடம். இப்பத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே. அவளே வீட்டுல போட்டுர்றா. பாப்பா துணியோட ஒண்ணாக் கெடக்கு.”

நான் வாய்க்குள் இருந்ததை விழுங்கினேன். அக்கா விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்த வீட்டு இனிப்பு கையில் இருந்தது.

“தம்பி, அது என் ரிப்போர்ட் இல்ல,” என்றார். “என் கையெழுத்து அதுல இருக்காது.” பிறகு நின்றபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்: அகார், தண்ணீர், பொடி. குரல் உயரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அப்ப இருக்குங்கறீங்களா மேடம்?”

“இருக்குன்னும் சொல்லல தம்பி.”

“அப்ப நான் வீட்டுல போயி என்னத்தச் சொல்றது?”

அக்கா மறுபடியும் பொடியிலிருந்து ஆரம்பித்தார். ஆலைக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீங்களாச்சும் சொல்லுங்க மேடம்.”

“துணிய மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கண்ணே,” என்றேன்.

“ரிப்போர்ட்டு?”

“ரிப்போர்ட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும். துணி வேண்டாம்.”

அவர் யோசித்தார். “அது முடியும்,” என்றார்.

பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். “ஏய், அந்த வாளியில கெடக்குற என் சட்டைய மொதல்ல வெளிய எடுத்துப் போடு” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

அக்கா அதற்குப் பிறகுதான் கையிலிருந்த லட்டைக் கடித்தார்.